ரகுநாதன் சார் மாட்டிய மீட்டர்

பைபாஸ் மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் மீட்டர் அறுநூற்று எண்பதைத் தொட்டுவிட்டது.

"சார், ஏறிக்கினே போது," என்றான் ஆனந்தன்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அறுநூத்தம்பது தாண்டினா டர்போ உருகிடும்னு சொன்னேனா இல்லியா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரகுநாதன். சொல்லிவிட்டு மணியைப் பார்த்து, நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டார். நாலு இருபது, அறுநூற்று எண்பது, மேம்பாலம்.

ஆனந்தனுக்கு மேனாம்பேட்டில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில். டீசல் பிக்கப் வண்டியின் பின்னால், தன் போன் நம்பர் எழுதிய ஜெனரேட்டர் ட்ரெய்லரைக் கோத்து இழுத்துக்கொண்டு நாலு வருஷமாக ஊர் ஊராகப் போய்வந்தான். ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கும். டீசல் வண்டி என்றால் கக்கத்தானே செய்யும் என்று அவன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் மாடியில் குடியிருந்த ரகுநாதன். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சைலன்ஸர் குழாயில் ஓட்டை போட வைத்து, புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பத்து நாளைக்கு முன்னால் மாட்டச் சொன்னார். அன்றிலிருந்து ஆனந்தன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதை விட்டுவிட்டான். கண் முழுக்க மீட்டரில்தான். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டால் முந்நூற்றைம்பது, கோத்தால் அறுநூறுக்கு மேல். காரணம் பிடிபடவில்லை.

இன்றைக்குப் பிடிபட்டே ஆகவேண்டும். பூந்தமல்லியில் அவன் மச்சினி கார்த்திகாவுக்கு ஆறு மணிக்கு ரிசப்ஷன். மண்டபத்து ஜெனரேட்டர் ரிப்பேர். மாமனார் வீரராகவன் வெளியில் யாரிடமாவது ஜெனரேட்டருக்குச் சொல்லிக்கொள்வதாகத்தான் இருந்தார். மாப்பிள்ளையின் தொழில் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியாள் ஜெனரேட்டரா என்று ஆனந்தன்தான் ரோஷப்பட்டு வாயைக் கொடுத்தான். கல்யாணமான எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க அவனுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது. இதிலும் கோட்டை விட்டால் சாகிற வரைக்கும் பெண்டாட்டி பூங்காவனம் சொல்லிக்காட்டுவாள்.

"நீ டீசலுக்குப் பாத்து ஏத்தத்துலகூட அஞ்சாம் கியர்ல போற. இன்ஜின் திணறுது. மூணுக்கு வா," என்றார் ரகுநாதன்.

மூன்றுக்கு வந்தான். மீட்டர் அறுநூற்று இருபதுக்கு இறங்கியது. வண்டியும் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கியது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிகள் ஹாரனாலேயே திட்டின. நடுவில் பூங்காவனம் போன் செய்தாள்.

"எங்கயா கீற? அப்பா வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகினே கீறாரு."

பதறிப்போய் ஆனந்தன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். மீட்டர் எழுநூறு.

வானகரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார் ரகுநாதன். பானெட்டைத் திறந்தார். ஏர் பில்டரை வெளியே எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அட்டைக் கருப்பாக இருந்தது. டர்போவுக்குக் காற்றுதான் சாப்பாடு, அதைப் பட்டினி போட்டால் சூடாகாமல் என்ன செய்யும் என்று கேட்டார். தட்டு என்று பில்டரை ஆனந்தன் கையில் கொடுத்தார்.

அவன் இருந்த அவசரத்தில் அதை ஓரக்கல்லில் ஓங்கித் தட்டினான். தூசி போயிற்று. கூடவே காகிதமும் கிழிந்து போயிற்று. பில்டர் இல்லாமல் ஓட்டினால் ரோட்டுப் புழுதியெல்லாம் டர்போவுக்குள் போகும் என்றார் ரகுநாதன். வேறு துணி இல்லை. மாமனார் எடுத்துக் கொடுத்த பட்டு அங்கவஸ்திரத்தை நாலாக மடித்துக் காற்றுக் குழாயின் வாயில் கட்டினான் ஆனந்தன். ரகுநாதன் முடிச்சைக் குனிந்து பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பானெட்டை ஆனந்தன்தான் மூடினான்.

அது அவருடைய சுபாவம். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர் கழற்றிப் பார்ப்பார், எழுதுவார், போய்விடுவார். திரும்ப மாட்டுவதும் முறுக்குவதும் ஃபிட்டர் வேலை. இன்ஸ்பெக்டர் ஒரு நட்டைத் திருப்பி மாட்டினால் ஃபிட்டர்கள் சங்கத்தில் சொல்லிவிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் அப்படியே இருந்துவிட்டதால் வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூட அவர் திறப்பாரே தவிர மூடமாட்டார். மூடுவது அவர் மனைவி ரேவதியின் டிபார்ட்மென்ட்.

பட்டுத் துணி காற்றை இன்னும் அடைத்தது. வேலப்பன்சாவடி வருவதற்குள் மீட்டர் எழுநூற்று நாற்பது. அதோடு புஸ் என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. ஆனந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது. நூம்பல் திருப்பத்தில் இருந்த பஜ்ஜிக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். கடைக்காரி சுசீலா வியாபாரம் வந்துவிட்டதென்று வாழைக்காயை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள்.

மறுபடி பானெட். இந்த முறை ரகுநாதன் கோளாறைக் கண்டுபிடித்தேவிட்டார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்துபோய் காற்று வெளியே கசிந்துகொண்டிருந்தது. பாரம் இழுக்கும்போது காற்று பற்றாது, டீசல் மட்டும் கூடுதலாக எரியும், சூடு ஏறும். ஆனந்தன் ஸ்க்ரூடிரைவரால் கிளாம்பை இறுக்கினான். சுசீலாவிடம் டேப் வாங்கி, கிழிந்த பில்டரை ஒட்டி உள்ளே வைத்தான். அங்கவஸ்திரத்தை உதறிப் பார்த்தான். அது இனி வண்டி துடைக்கத்தான் ஆகும்.

"லோடு இல்லாம ஒரு ரீடிங் எடுக்கணும்பா. அப்பதான் கணக்கு முழுசாகும்," என்றார் ரகுநாதன்.

அதற்குள் மறுபடி பூங்காவனம். "நீ இன்னா வேணா பண்ணிக்கோ சார்," என்றுவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து போனை எடுத்தான் ஆனந்தன்.

"அப்பா வேற ஜெனரேட்டர்காரன் சந்தோஷைக் கூப்ட்டு அவன் ஜெனரேட்டரை வரவெச்சிட்டாரு. வாசல்ல நிக்குது. நீ ஆறுக்குள்ள வர்லேன்னா அவனோடதுதான். சொல்லிட்டேன்."

அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரகுநாதன் பின்பக்கமிருந்து வந்தார். ரெண்டு தரம் ரேஸ் பண்ணச் சொன்னார், முந்நூற்றுப் பத்து என்று எழுதினார், பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

மணி ஐந்து முப்பத்தைந்து. ஆனந்தன் வண்டியை எடுத்தான். சுசீலா கையை ஆட்டி என்னமோ சொல்லிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். பஜ்ஜிக்கு நேரமில்லை என்று இவனும் கையை ஆட்டினான்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். வண்டி பறந்தது. மூன்று, நாலு, ஐந்து என்று கியர் வெண்ணெயாக விழுந்தது. மீட்டர் முந்நூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

"நாலு வருசத்துல இப்டி இழுத்ததே இல்ல சார்."

"ஹோஸ்ல இருந்திருக்கு வியாதி. கண்டுபிடிச்சது யாரு?"

டேப் ஒட்டிய பில்டருக்கும் அதில் பங்கு உண்டு என்று ஆனந்தன் சொன்னான். ரகுநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. பூந்தமல்லி வரை வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பாதிப் பாதி என்று முடிவாகி, 'கோளாறு தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் ரகுநாதன்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மண்டப வாசலில் கூட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, ஆனந்தன் இறங்கி உள்ளே ஓடினான். மேடைப் பக்கம் நின்றிருந்த மாமனார் எதிரில் போய் மூச்சு வாங்க நின்றான்.

"மாமா, வந்துட்டேன். வண்டி வாசல்ல கீது."

வீரராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் தோளில் கை வைத்தார்.

"சொன்ன டயத்துக்கு வந்துட்ட மாப்ள. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றவர், அங்கேயே நின்று சந்தோஷுக்குப் போன் போட்டு, ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார். பூங்காவனம் புருஷனைப் பார்த்த பார்வையில் கல்யாணப் பெண்ணே கொஞ்சம் பொறாமைப்பட்டிருப்பாள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறினார்கள். ஏறியதும் கரண்டு போயிற்று.

மண்டபமே இருட்டு. ஆனால் யாரும் பதறவில்லை. என் மாப்பிள்ளை இருக்கிறார், ரெண்டே நிமிஷம் என்று வீரராகவன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்த ஆனந்தனின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணாத்தே, நூம்பல் பஜ்ஜிக்கடை சுசீலா பேசறேன். இங்க கரண்டு பூட்ச்சி, நீ உட்டுட்டுப் போன ஜெனரேட்டர்ல ரெண்டே ரெண்டு லைட்டு இழுத்துக்கட்டா?"