நடுவூருக்கு வந்த ஓரத்து நானா

நாலந்தா,
சனிக்கிழமை.

அன்பின் மச்சான் றினோஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும், என் மனைவியாகிய உன் ராத்தா ஸைனம்புவும், மகள் அஸ்ராவும் சுகமாக இருக்கிறோம். இந்த வரியை நான் வெறும் மரியாதைக்கு எழுதியதாக நினைத்து அடுத்த வரிக்குப் பாய்ந்துவிடாதே. இன்னொரு முறை வாசி. உன் ராத்தா உயிரோடு இருக்கிறாள். புதன்கிழமை இந்த ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வேறு மாதிரி சொன்னார்கள். அது யார் மூலமாவது வெலிகமைக்கு வந்து சேர்ந்திருந்தால் நம்பாதே. ஃபோனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நான் ஃபோனில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்று உனக்கே தெரியும். இப்போது நான் கேட்கப் போகும் உதவி உன் ராத்தாவின் காதில் விழக்கூடாது.

உதவி இதுதான். வெலிகமையில் நம் வீட்டில் குடியிருப்பவரிடம் பக்குவமாகப் பேசி, அடுத்த மாத முடிவுக்குள் வீட்டை விடச் சொல். நான் திரும்பி வருகிறேன். உன் ராத்தா வருவாளா என்பது வேறு கதை. அஸ்ராவும் நகரமாட்டாள். ஆனால் எனக்கு இனி இந்த ஊரில் தலை காட்ட முடியாது. ஏன் என்று கேட்பாய். கேள்.

அஸ்ராவுக்கு முதல் ஆசிரியர் நியமனம் இங்கே கிடைத்து, பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து பதினொரு மாதமாகிறது. லொறியிலிருந்து கட்டிலை இறக்கும்போதே எதிரே சில்லறைக் கடை வைத்திருக்கும் ஜைனுதீன் ஹாஜியார் வந்துவிட்டார். பேரைக் கேட்கவில்லை. "எந்த ஊருங்க?" என்றார். வெலிகம என்றேன். "கடற்கரையா? அட, ஓரத்து ஆளுங்களா!" என்று சொல்லி, நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் கடை வாசற்படிக்குக் கூட்டிப் போய், அதில் அடித்திருந்த ஒரு ஆணியைக் காட்டி, "இதுக்கு மேல நில்லுங்க. நின்னாச்சா? இப்ப நீங்க இலங்கைக்கு நட்ட நடுவுல நிக்கிறீங்க" என்றார். கட்டிலின் ஒரு கால் என் கையில் இருந்தது. அதையும் பிடித்துக்கொண்டு நாட்டின் நடுவில் நின்றேன். என்ன உணர்கிறேன் என்று வேறு கேட்டார். முதுகு வலிக்கிறது என்றேன். அது ஓரத்திலிருந்து வந்த வலி, இங்கே இருக்க இருக்கச் சரியாகிவிடும் என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பேர் 'ஓரத்து நானா', ஓரத்திலிருந்து வந்த அண்ணனாம். நாலந்தாதான் இலங்கைத் தீவுக்கு நடு என்பதில் இந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அந்த நடு எந்த இடத்தில் என்பதில்தான் வெட்டுக்குத்து. ஹாஜியாருக்கு அது அவருடைய ஆணி. பாதைக்கு அந்தப் பக்கம் சலூன் வைத்திருக்கும் சிறிலுக்கு அது அவருடைய கதிரைக்கு அடியில். முடி வெட்டப் போனால், "ஆடாதீங்க நானா, நாட்டுக்கே நடுவுல உட்கார்ந்திருக்கீங்க" என்பார். இரண்டு பேரும் இதற்காக ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. உனக்கு நினைவிருக்கும், நீ பொதி கட்டி அனுப்பிய மாசிக் கருவாட்டில் நல்ல துண்டாகப் பார்த்து ஹாஜியாருக்குக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "நம்ம குளத்து மீன்னா உப்பு நாம போடலாம் நானா. கடல் மீன்ல வேற யாரோ முன்னுக்கே போட்டுடறாங்களே." இதற்கு என்ன பதில் சொல்வாய்? மிளகு என்றால் இங்கத்தை மிளகு. பலாக்காய் என்றால் இங்கத்தைப் பலாக்காய். மழை கூட இங்கே பெய்துவிட்டு மிச்சம்தான் மற்ற ஊர்களுக்குப் போகிறதாம். அதையெல்லாம் பொறுத்தேன். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு எந்த நாள் எந்த வீடு என்று பலகையில் எழுதினார்களே, அதில் எல்லோருக்கும் முழுப் பேர், பதினேழாம் நோன்புக்கு மட்டும் 'ஓரத்து நானா'. முப்பத்தொரு வருஷம் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன், மச்சான். என் கையெழுத்து இல்லாமல் எத்தனை காணிக்கு எல்லைக்கல் நட முடியாமல் கிடந்தது! அந்தப் பலகைக்கு முன்னால் நின்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் ராத்தா சிரித்தாள். அவளுக்கென்ன, அவளை வந்த மூன்றாம் மாதமே ஊருக்கே அக்காவாக, 'ராத்தா' ஆக்கிவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான், நான் சர்வேயராக இருந்தவன் என்று அஸ்ரா பாடசாலையில் யாரிடமோ வாய்விட்டு, அது சலூன் வழியாகக் கடைக்கும் கடை வழியாகப் பள்ளிவாசலுக்கும் போயிற்று. மறுநாளே ஹாஜியார் தேநீர் கொண்டுவந்தார். பின்னாலேயே சிறில் கேக் கொண்டுவந்தார். ஒருவர் வெளியேறும்வரை மற்றவர் வேலியோரம் நின்றார். நடு எது என்று நானே அளந்து சொல்லவேண்டுமாம், சொன்னால் இரண்டு பேரும் கட்டுப்படுவார்களாம். "சேர் சொன்னா சரி" என்றார் சிறில். சேர்! மச்சான், பதினொரு மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதன் என்னைச் சேர் என்றால் எனக்குத் தலைகால் புரியுமா? அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த ஒரே பிழை, 'நடு' என்பது கடைப் பேச்சு, உத்தியோகமாக அளக்கும்போது 'மையம்' என்றுதான் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்ததுதான்.

புதன்கிழமை காலை அளவை நாடா வாங்க மாத்தளைக்குப் போயிருந்தேன். இரண்டு கட்சியும் சாட்சிக்கு நிற்கவேண்டுமே என்று, பஸ் நிலையத்தில் நின்றபடி பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அஸ்ஹருக்கு ஃபோன் போட்டேன். "இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எங்கட வீட்டிலிருந்து மையத்தை எடுக்கப் போறேன். ஊராக்கள் எல்லாரும் வந்தா நல்லம். மைக்கில ஒருக்கா சொல்லிவிடுங்க" என்றேன். அவர் ஏதோ தாளைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "வீட்டுல யாரு நானா?" என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார் என நினைத்து, "வீட்டில ஸைனம்பு மட்டும்தான்" என்றேன். "இன்னா லில்லாஹி" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் கொண்டக்டர் 'தம்புள்ள, தம்புள்ள' என்று கத்தியதில் எனக்கு அது 'இன்ஷா அல்லாஹ்' என்று கேட்டது. நானும் உற்சாகமாக, "மாத்தளையில எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மூணு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லி வைத்தேன். அதோடு ஃபோனில் சார்ஜ் செத்துப்போனது. உண்மையில் அன்றைக்குச் செத்தது அது ஒன்றுதான்.

விளங்குகிறதா மச்சான்? நான் சொன்ன மையம் அவர் காதில் மய்யத்து என்று விழுந்து, மரணச் செய்திக்குச் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைச் சொல்லியிருக்கிறார். பிரேதத்தை எடுக்க ஊரையே அழைத்திருக்கிறேன், அதுவும் என் மனைவியின் பிரேதத்தை, மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து. போய்ப் பார்த்தவர்களுக்கு வீடு பூட்டிக் கிடந்தது. உன் ராத்தா அஸ்ராவின் பாடசாலை விளையாட்டுப் போட்டி பார்க்கத் தம்புள்ளைப் பக்கம் போயிருந்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்ததும் ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

மூன்று மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் வாசலில் ஊரே நிற்கிறது. கூடாரம் போட்டு, சிறில் தன் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாக வைத்திருக்கிறார். ஹாஜியார் கடையைப் பூட்டிவிட்டு சிறிலோடு தோளோடு தோள் நிற்கிறார். நான் என்ன நினைப்பேன்? அளவைக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஹாஜியார் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "பொறுமையா இருங்க நானா, எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார். "எனக்கு இதெல்லாம் புதுசில்ல ஹாஜியார், முப்பத்தொரு வருஷத்தில எத்தனை எடுத்திருக்கிறேன்" என்றேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். சிறில் மெதுவாக, "கொண்டு வந்தாச்சா சேர்?" என்று கேட்டார். "இதோ" என்று நாடா இருந்த பையைத் தூக்கிக் காட்டினேன். சிறில் பையைப் பார்த்தார், ஹாஜியாரைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. உன் ராத்தா இறங்கினாள். வாசலில் கூட்டத்தைக் கண்டதும், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று, "அல்லாஹ்வே, என்ட மனுசன்!" என்று ஒரு சத்தம் போட்டாள். மவுத்தானவளே அழுதுகொண்டு வருவதைக் கண்டு கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அடுத்த வீட்டு ஹவ்வாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "யாரு ஹவ்வா? யாரு மவுத்?" என்று கேட்டாள். ஹவ்வா இரண்டே சொல்லில் பதில் சொன்னாள்.

"நீங்கதான் ராத்தா."

மிச்சத்தை எழுதக் கை கூசுகிறது. எல்லோருக்கும் விளங்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. மையவாடியில் கபுறுக் குழி வெட்டிய நாலு பேர் மண்வெட்டியோடு வந்து என்னை முறைத்துவிட்டு, மண்ணைத் திரும்பத் தள்ளப் போனார்கள். மோதினார் அஸ்ஹர் மைக்கில், "சற்று முன்னர் அறிவிக்கப்பட்ட ஜனாஸா நல்லடக்கம் ரத்துச் செய்யப்பட்டுள்ளது" என்று சொன்னார். உன் ராத்தா தனக்காக வந்த சாப்பாட்டைத் தானே பகிர்ந்து கொடுத்தாள், கறிக்கு உப்புப் போதாது என்று குறையும் சொன்னாள். என் நிலைமைதான் மோசம். இப்போது நான் ஓரத்து நானாவும் இல்லை. 'மையத்து நானா' ஆகிவிட்டேன். மூன்று நாளாகப் பள்ளிவாசலுக்குப் பின்வழியால் போய் வருகிறேன். முடி வெட்ட மாத்தளைக்குத்தான் போகவேண்டும். கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடலோரம்தான் சரி. ஆகவே வாடகைக்காரரிடம் உடனே பேசு, லொறிக்கும் சொல்லி வை.

உன் மனைவி ஜெஸ்லாவுக்கு எங்கள் ஸலாம். உன் கடையில் பறக்கத் உண்டாகட்டும், உன் மூட்டு வலி குறையட்டும், எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். இந்தக் கடைசி துஆவை இம்முறை கொஞ்சம் அழுத்தியே கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்,
இத்ரூஸ்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரம் மோதினார் அஸ்ஹர் வந்தார். பிழை தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டு, மைக்கில் வாசித்த தாளை என் கையில் தந்தார். அன்றைக்கு நான் மாத்தளையில் நின்றதால் அதைக் கேட்கவில்லை. அதில் இப்படி இருக்கிறது: 'நாலந்தாவைச் சேர்ந்த, நமதூர் சர்வேயர் இத்ரூஸ் அவர்களின் அன்பு மனைவி ஸைனம்பு.' நமதூர் என்று போட்டிருக்கிறது, மச்சான். ஓரம் என்ற சொல் எங்கேயும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். கபுறு வெட்டிய இடம் எது என்று கேட்டேன். ஹாஜியார் தனக்கென்று சொல்லி வைத்திருந்த, பலா மர நிழல் விழும் இடமாம். "நம்ம ராத்தாவுக்கு ஓரத்துல குடுக்கிறதா?" என்று அவரே வாக்குவாதப்பட்டு வாங்கிக் கொடுத்தாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மோதினாருக்கு முன்னாலேயே அழுதேன்.

ஆகவே வாடகைக்காரரிடம் ஒன்றும் பேசாதே. லொறிக்காரரிடம் பேசியிருந்தால் இல்லையென்று சொல்லிவிடு.

இன்னொன்று. நேற்று சும்மா இருக்க முடியாமல் வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டேன். நடு ஆணியிலும் இல்லை, சலூன் கதிரைக்கு அடியிலும் இல்லை, இந்த ஊரிலேயே இல்லை, மைல் கணக்கில் தள்ளி ஒரு வயலில் விழுகிறது. அந்தத் தாளை இப்போதுதான் அடுப்பில் போட்டுவிட்டேன். பாதையின் நடுக்கோட்டில், இரண்டு கடைக்கும் சரிசமமாக விழுகிறது என்று நாளைக்கு அறிவிப்பேன். நீ இதை யாரிடமும் மூச்சு விடாதே. ஒரு சர்வேயர் பொய் சொல்லலாமா என்று நீ சண்டைக்கு வருவாய் என்றும் தெரியும். ஆனால் நீங்கள் ஓரத்து ஆட்கள், உங்களுக்கு இதெல்லாம் விளங்காது.