அரபு கட்டமாகிப்போன விவகாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இல்ல, வேலை இன்னும் போகல. சாயங்காலம் வரைக்கும் இருக்கு. "படிப்பத்தான் பாதியில விட்ட, நான் கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலையையுமா?"ன்னு மெசேஜ்ல கேட்டிருக்க. நலம் விசாரிக்கிறதையெல்லாம் கடைசியில வச்சுக்கறேன், இப்ப இருக்கிற ஆத்திரத்துல அது திட்டுற மாதிரி வரும்.

நம்ம அச்சகத்துல முக்கால்வாசி வேலை ஃபாரம் அடிக்கிறதுதான், உனக்கே தெரியும். போன வாரம் ஒரு டாக்டரம்மா புது நோயாளிங்க எழுதித் தர்ற ஃபாரம் ஒண்ணு கேட்டாங்க. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அரபு, அரபு நாட்டுல இருந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்காக. அரபுல எழுதினத அவங்களே மெயில்ல அனுப்பினாங்க. நான் அத அப்படியே எடுத்து சாஃப்ட்வேர்ல போட்டேன். போட்டா, வரிசையா கட்டம். சின்னச் சின்னதா, காலியா, பாக்க லட்சணமா இருந்துச்சு. ஃபாரம்னா கட்டம் இருக்கும்தானே? நான் மட்டுமா நம்பினேன்? ப்ரூஃப் பாக்குற அண்ணன் கண்ணாடியத் தூக்கிவிட்டுப் பாத்துட்டு, "ஏன்டா, கட்டம் ஒட்டி ஒட்டி இருக்கு? ஜனங்க எப்படி எழுதும்? தள்ளிப் போடு"ங்கிறார். ஒரு மத்தியானம் பூரா உக்காந்து தள்ளிப் போட்டேன். முதலாளி வந்து, "பதினெட்டு கட்டம் பத்தாதுடா, நீளப் பேரு உள்ளவன் என்ன பண்ணுவான்? இன்னும் நாலு சேத்துப் போடு"ன்னார். சேத்தேன். ஆயிரம் காப்பி அடிச்சு அனுப்பியாச்சு.

இன்னைக்குக் காலையில டாக்டரம்மா நேர்ல வந்துட்டாங்க. கையில ஒரு ஃபாரம். 'எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது?'ங்கிற கேள்வி அரபுல இருக்க வேண்டிய இடத்துல, தமிழ் தெரியாத ஒரு பெரியவர் கட்டத்துக்கு ஒரு எழுத்தா தன் பேர நிரப்பியிருக்கார். கட்டம் மிச்சம் இருக்கேன்னு அப்பா பேரையும் எழுதியிருக்கார். பதில் எழுத வேண்டிய கோடு காலி.

"இப்ப இவருக்கு நான் எந்த ஊசிய நம்பிப் போடுறது? நீ சொல்லு"ன்னு என்னையே கேட்டாங்க.

"கட்டம் பத்துச்சாங்க மேடம்?"னு முதலாளி இடையில கேட்டுத் தொலைச்சார்.

அப்புறந்தான் அக்கா விஷயமே புரிஞ்சுது. அரபு ஃபான்ட் இல்லைன்னா இந்த சாஃப்ட்வேர் எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டுட்டு கமுக்கமா இருந்துடுமாம். எனக்கு எப்படிப் பத்திக்கிட்டு வரும்? இத்தனை கோடிப் பேர் எழுதுற எழுத்து, அத வாங்கும்போதே உள்ள வச்சுத் தர வேண்டாமா? இல்லைன்னா இல்லைன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா? ஒரு காப்பிய அடிச்சாக்கூட மெஷின் கத்துது, இது ஒரு மனுஷனோட கேள்வியையே முழுங்கிட்டு மூச்சு விடல!

சும்மா விடல நான். அச்சக லெட்டர்ஹெட்லயே அந்தக் கம்பெனிக்கு நாக்கப் புடுங்குற மாதிரி எழுதி, முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கி, மெயில்ல அனுப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா நான் வீட்டுக்குன்னு சொல்லியிருக்கார். அதனால இந்த மெயிலப் பாத்ததும் நீ உடனே முதலாளிக்குப் போன் போட்டு, "தப்பு சாஃப்ட்வேரோடது, என் தம்பி சொக்கத்தங்கம்"னு ஒரு வார்த்த சொல்லிடு.

மாமாவக் கேட்டதாச் சொல்லு. குட்டிக்குப் பல்லு முளைச்சுதா? நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம இருங்க. நான் நல்லா இருக்கிறது உன் போன்லதான் இருக்கு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: போன் போடாத. கம்பெனிக்காரன் பதில் அனுப்பிட்டான். அரபு ஃபான்ட் பதினொண்ணு உள்ள வச்சுத்தான் குடுத்தானாம், யாராவது அழிச்சீங்களான்னு கேக்கறான். வேலைக்குச் சேந்த ரெண்டாம் நாள் கம்ப்யூட்டர்ல ஃபுட்பால் கேம் ஏத்த இடம் பத்தலன்னு, பேரு தெரியாத ஃபைல் கொஞ்சத்தத் தூக்கிக் குப்பையில போட்டது இப்பத்தான் ஞாபகம் வருது. முதலாளி என் சீட்ல உக்காந்து அந்தக் குப்பையத்தான் தொறக்கறார். நான் கெளம்பறேன்.