தங்கச்சி வீட்டுக்குப் போன பாஸ்போர்ட்டு அண்ணன்

விருத்தாசலத்திலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றியவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆனால் ஊரை விட்டு நகராமலே முக்கால்வாசி உலகத்தைச் சுற்றி முடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மெஸ் சமையல்காரர் பாஸ்போர்ட்டு அண்ணன்.

அறுபதுகளின் கடைசி அது. பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்த்த கட்டைப் பிரம்மச்சாரிகள் நாங்கள் ஒரு கும்பலாக அந்த மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கப்பு சாஸர் செய்கிறவர், பொம்மைக்குக் கண் எழுதுகிறவர், சூளைக்குத் தீ போடுகிறவர் என்று எல்லா ரகமும் உண்டு. நான் ஊறுகாய் ஜாடி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் டெலிவரி வேன் ஓட்டினேன். எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்ட அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் வந்த நாளோடு அது செத்துப்போனது.

சென்னையில் துறைமுகத்து வேலையில் இருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி அண்ணனுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒரு வஸ்துவைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் பார்க்க வைப்பதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார் அண்ணன். சட்டைப் பையில் வைத்தால் வேர்வை பட்டுவிடும் என்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் அதைத்தான் முதலில் நீட்டுவார். கறிகாய்க் கடைக்காரி கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருக்கும்போது போட்டோ இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுவார்.

“இன்னாண்ணே, போட்டோவுல முழிச்சிகினு இருக்கற?” என்று அவள் கேட்டாள்.

“முழிக்கல. வெளிநாட்டுக்காரன் பாக்கப் போறான்ல, கொஞ்சம் வெறப்பா இருக்கட்டும்னு மூச்ச இழுத்துப் புடிச்சிருக்கேன்.”

கப்பல் கம்பெனியிலிருந்து அழைப்பு வரத் தாமதமானது. எங்கள் பக்கத்தில் யாராவது அநியாயம் செய்தால் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவார்கள். சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நம்பிக்கை. ஆடு திருடியவன் மேலும், வரப்பை வெட்டியவன் மேலும் பிராது கட்டியவர்கள் உண்டு. கப்பல் மேல் கட்டியவர் அண்ணன் மட்டுமே. கூடவே பாஸ்போர்ட்டையும் பூசாரியிடம் கொடுத்துச் சாமி முன்னால் வைத்து வாங்கினார். திரும்பி வந்தபோது போட்டோவின் நெற்றியில் குங்குமம் ஒட்டியிருந்தது. கடைசிவரை அதை அவர் துடைக்கவே இல்லை.

காத்திருந்த மாதங்களில் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை ரசத்துக்கு சிங்கப்பூர் ரசம் என்று பெயர் வைத்தார். செவ்வாய்க்கிழமை அதே ரசம் ஜப்பான் ரசம் ஆனது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, “நடுவுல எம்மாந் தூரம் கடலு இருக்குது தெரியுமா?” என்றார். நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டோம்.

கப்பல் ஆடும், அதற்குப் பழக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சமையல்கட்டு உத்தரத்தில் கயிறு கட்டிப் பலகையைத் தொங்கவிட்டு, அதன்மேல் நின்றபடி சாம்பார் கிண்ட ஆரம்பித்தார். சாப்பிட வந்தவர்கள் முறைவைத்து ஆட்டிவிட வேண்டும். முதல் நாள் மெதுவாக ஆட்டினோம். “இது குளத்துல வுடற பரிசலு. புயலு வந்தா மாரி ஆட்டுங்கடா!” என்றார். சூளைக்காரர் வாட்டசாட்டமான ஆள். வாங்கிய சோற்றுக்கு விசுவாசமாக ஒரு ஆட்டு ஆட்டினார். அண்ணன் ஜன்னல் பக்கம் போனார், கரண்டி வாசல் பக்கம் போனது, அதிலிருந்த சாம்பார் எங்கள் கம்பெனி கணக்குப்பிள்ளையின் சலவை வேட்டியில் இறங்கியது. கணக்குப்பிள்ளை எழுந்து நின்று கத்தினார். அண்ணன் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி, “கப்பல்ல இதெல்லாம் சகஜங்க” என்று ஆறுதல் சொன்னார்.

ஒருவழியாக அழைப்பு வந்தது. மறுநாள் சாயங்காலம் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். ரயிலுக்கு முதல் நாள் காலை எனக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கடைக்கு ஜாடி லோடு. வேனுக்கு முன்னால் கம்பி போட்டுச் சுற்றி உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

“தம்பி, நானும் வர்றேன். நாலு கடலு தாண்டிப் போறேன், சொந்த பந்தத்த ஒரு வார்த்த பாத்துட்டுப் போவணும். அங்க என் தங்கச்சி அஞ்சல இருக்குது.”

அவருக்குத் தங்கை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை வருஷம் பக்கத்து ஊரில் இருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏறச் சொன்னேன். விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் என் வேனுக்கே ஒரு மணி நேரம்தான்.

ஊர் எல்லையில் அண்ணன் ஸ்டீயரிங்கில் கை வைத்தார். “தம்பி, கம்மாபுரத்துல சித்தப்பா இருக்காரு. வயசாளி. அவர மொதல்ல பாத்துடலாம்.”

சித்தப்பா நல்ல மனிதர். மோர் கொடுத்தார், பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசியில் கேட்டார், “ஏம்பா, அஞ்சலைய பாத்தியா? உன்ன வரச் சொல்லி எத்தினியோ வாட்டி சொல்லியனுப்பிச்சிது.”

அண்ணன் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “நேரமாவுது சித்தப்பா. வேனு ஆஃப் ஆயிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆவாது.”

வேன் ஏற்கெனவே ஆஃப் ஆகித்தான் நின்றுகொண்டிருந்தது.

“இப்ப நேரா ஸ்ரீமுஷ்ணம்தானே அண்ணே?”

“பெண்ணாடத்துல மாமா பையன் சக்கர ஆலைக்குக் கரும்பு ஓட்டறான். அவன வுட்டுட்டுப் போனா கோச்சிக்குவான்.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்மாபுரம் எங்கள் ஊருக்குக் கிழக்கே, பெண்ணாடம் மேற்கே. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எங்கள் ஊர். ஆகவே உலகம் சுற்றப் புறப்பட்ட அண்ணன் மத்தியானம் எங்கள் மெஸ் வாசலையே மறுபடி கடந்தார். வெளியே கை கழுவிக்கொண்டிருந்த சூளைக்காரர், “என்னாண்ணே, அதுக்குள்ள திரும்பி வந்துட்டீங்களா?” என்று கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றதில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். அந்த வரிசையிலேயே மாமா பையனைக் கண்டுபிடித்துவிட்டார். அவனும் டிராக்டர் மேலிருந்து அதையேதான் கேட்டான். “அஞ்சலைய பாத்தியா மச்சான்? அது உன்மேல என்னா கோவத்துல இருக்குது தெரியுமா?”

அண்ணன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்தவர், “தம்பி, சேத்தியாத்தோப்புல என் சிநேகிதன் ஒருத்தன்...” என்று ஆரம்பித்தார். நான் வேனைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டேன்.

“அண்ணே, ஜாடிய எறக்கணும். என்னா விஷயம்னு சொல்லுங்க.”

சொன்னார். தாய் தகப்பன் இல்லாத தங்கைக்கு அவர்தான் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார். விருந்துக்கு வேறு ஆள் எதற்கு என்று தானே சமையலுக்கும் நின்றிருக்கிறார். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. அடுப்படியில் இரண்டு ஜாடி, இரண்டும் ஒரே வெள்ளை, இரண்டுக்கும் ஒரே மூடி. ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் பொடி உப்பு.

“பாயசத்துல...?”

“மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு மடக்கு குடிச்சாரு தம்பி. எல எதிர்லயே எழுந்து நின்னுட்டாரு. நான் தோட்டத்து வழியா வெளிய வந்தேன். கையில கரண்டியோட விருத்தாசலம் வந்துதான் நின்னேன். அப்பறம் அந்தப் பக்கமே போவல.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கைப்பிடி உப்புக்குப் பயந்து ஓடிய மனிதருக்கு வேலை கிடைத்திருக்கும் இடம் கடல். ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

“பொறந்த வூட்டுச் சீரு கொண்டாந்த அண்ணன் பந்தியில பாதியில ஓடிட்டான்னு, அங்க அத எப்பிடி எப்பிடிப் பேசியிருப்பாங்க? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி நிக்கறது? போவாமலும் இருக்க முடியல. கப்பலு கவுந்துட்டா?”

கம்பியைப் போட்டு வேனைக் கிளப்பினேன். வேறு எந்த உறவினர் பெயர் சொன்னாலும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வழியில் மூன்று பேர் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அதில் ஒருவர் செத்துப்போனவர் என்று பிறகு தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்ரீமுஷ்ணத்தில் அஞ்சலை வீட்டு வாசலில் வேன் நின்றது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. முனையில் மாட்டுக்கு வழிவிட நின்றபோதே இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறார். ஜாடிகள் உடையாமல் இருக்க வைக்கோல் போட்டு அடுக்கியிருந்தோம். அந்த வைக்கோலுக்குள் உலகம் சுற்றப் போகிறவர் படுத்திருந்தார்.

வாசலுக்கு வந்தார் அஞ்சலை. உயரமான பெண்மணி, இடுப்பில் செருகிய முந்தானை.

“ஜாடி கொண்டாந்திருக்கேங்க” என்றேன்.

“ஜாடி ஒண்ணும் வேணாம். எங்க வூட்டுல ஒருவாட்டி ஜாடியால பட்டது போதும்” என்றவர் வேனின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வைக்கோலுக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலை அதையே பார்த்தார்.

“இது எங்க அண்ணன் காலு” என்றார். குரல் உடைந்திருந்தது. அடுத்த நொடி சரியாகிவிட்டது. “எறங்கு கீழ.”

தலையெல்லாம் வைக்கோலோடு அண்ணன் இறங்கி நின்றார். “அஞ்சல... அந்தப் பாயசம்...”

“பாயசம் கெட்டுதுன்னா கீழ ஊத்திட்டு வேற வெக்கறது. அன்னிக்கே வெச்சாங்க. எல்லாரும் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. எங்க அண்ணன் எங்கன்னு தேடிக்கினு நான்தான் சாப்புடாம நின்னேன்.” அவர் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏ பவுனு, இங்க வா!”

இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடை, கன்னத்தில் குழி. இரண்டு காதும் மொட்டையாக இருந்தன. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் காது குத்தாத பெண்ணைப் பார்க்கவே முடியாது.

“பாரு. ஸ்கூல்ல எல்லாம் இத மூளிக்காதுன்னு கேலி பண்ணுதுங்க. ஊரே பேசுது. தாய்மாமன் மடியில உக்கார வெச்சிதான் குத்துவேன்னு சொல்லிட்டேன். வேற யாரு யாரோ மடி குடுக்க வந்தாங்க. எனக்கு ஒரு அண்ணன் இருக்கறப்ப எவன் மடி எனக்கெதுக்கு? அதுக்குத்தான் சொல்லி சொல்லியனுப்பிச்சேன். நீ திட்டத்தான் கூப்புடறேன்னு நெனச்சியா?”

அண்ணன் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். பவுனு அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். “இவுருதான் மாமாவா? ஏன் வைக்கோலா இருக்காரு?”

மறுநாள் காலையிலேயே காதுகுத்தை வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அன்று ராத்திரி யார் யார் என்னென்ன பேசினார்களோ, நான் வேனில் படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் காது குத்தும் ஆசாரி பக்கத்து கிராமத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் ரயில். வேனை எடுத்துக்கொண்டு போய், பந்தியில் உட்கார்ந்திருந்த மனிதரைக் கை கழுவவிட்டு அள்ளிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்த கோபத்தில் வழியெல்லாம் அவர் என்னோடு பேசவே இல்லை.

கோயிலுக்கு எதிரே பாய் விரித்தார்கள். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார, மடியில் பட்டுப்பாவாடையோடு பவுனு. சீர் எதுவும் கொண்டுவரவில்லையே என்று அண்ணன் கூசிப்போனார். “நீ கொண்டாருவேன்னா நான் காத்திருந்தேன்? கம்மலு எப்பவோ செஞ்சு வெச்சிட்டேன். நீ மடிய மட்டும் நகத்தாம வெய்யி” என்றார் அஞ்சலை. ஆசாரி ஊசியை எடுத்தார். அது காதுக்குக் கிட்டே போவதற்குள் “ஐயோ!” என்று ஒரு அலறல். கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. அலறியது அண்ணன்.

“இன்னும் குத்தவே இல்லிங்க” என்றார் ஆசாரி.

இரண்டு காதும் குத்தி முடித்தபோது பவுனுவுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியதோடு சரி. அண்ணன்தான் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய பாஸ்போர்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தக் குழந்தை அவர் சட்டைக் காலராலேயே அவர் முகத்தைத் துடைத்தாள்.

“அழாத மாமா. கொஞ்ச நேரம்தான் வலிக்கும்.”

கடைக்குக் கொண்டுபோன ஜாடிகளை அள்ளிப் போட்டதுபோல் இறக்கிவிட்டு, மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தேன். ரயில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. மெஸ் கூட்டம் மொத்தமும் பிளாட்பாரத்தில் இருந்தது. கணக்குப்பிள்ளைகூட வந்திருந்தார், தள்ளியே நின்றார். அண்ணன் ஏதாவது நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு பிரசங்கம் செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவரோ பவுனுவின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கார்டு விசில் ஊதியதும் அஞ்சலைதான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றினார்.

வண்டி நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி! புள்ளைக்குக் காது சீழ் வெக்காம இருக்கணும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் லோடு போனா ஒரு எட்டு பாத்துட்டு வாப்பா!”

சரி என்று கை ஆட்டினேன்.

அடுத்த வாரம் ஸ்ரீமுஷ்ணத்துக்கு லோடு எதுவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.