இன்சிஷனுக்கு அர்த்தம் சொன்ன லத்தீன்காரர்

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம், மன்னியுங்கள். பத்தாவதோடு நின்றவன். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்குகிறவன். ஆனால் கத்தியைத் தொடாமலே கள்ளக்குறிச்சியில் அதிகம் பேரை நடுங்க வைத்தவர் லத்தீன்காரர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். யாரோ விட்டுப்போன மருத்துவ அகராதியைக் கரைத்துக் குடித்திருந்தார். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களிடம் போய், "இன்சிஷன் லத்தீன்லேர்ந்து வந்துதுங்க. இன் அப்டின்னா உள்ள. கைடெரே அப்டின்னா வெட்டறது. உள்ள வெட்டறது!" என்பார், பிரசாதம் கொடுப்பதுபோல.

குடலிறக்கத்துக்கு வந்த ஒருவர் இதைக் கேட்டதும் பச்சை அங்கியோடு ஓடி, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் அவரைப் பெரிய சர்ஜன் என்று நினைத்து ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தாராம். அன்றே டாக்டர் உத்தரவு போட்டார்: "இன்னொரு தடவ பேஷண்டுகிட்ட லத்தீன் பேசினா, வேலை கிடையாது."

அதற்கப்புறம்தான் நான் போய்ப் படுத்தேன். கரும்பு வெட்டும்போது கட்டை குத்தி, பாதம் பூசணிக்காயாக வீங்கிச் சீழ் கோத்திருந்தது, காய்ச்சல் வேறு. டாக்டர் "இன்சிஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரரோ, "முட்டியோட போச்சு" என்று அடித்துச் சொன்னார். டாக்டரிடம் கேட்கக் கூச்சம். சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் பகல் முழுக்கப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "லேட்டாச்சுன்னா நெஜமாவே காலுக்கு ஆபத்து" என்றார் நர்ஸ்.

லத்தீன்காரர் வாசலைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னாத்துக்குய்யா பேனாவ வச்சிக்கினு குந்தியிருக்க?"

"காலை எடுத்துடுவாங்களாமே அண்ணே."

"அதுக்கு வேற வார்த்தை இருக்குது. இது உள்ள கீறி வுடறது, அவ்ளோதான். வயல்ல தண்ணி ஜாஸ்தியா நின்னா இன்னா பண்ணுவ?"

"வரப்ப வெட்டி வடிய வுடுவேன்."

"அதுக்குன்னு வயலச் சுருட்டி வூட்டுக்கு எடுத்தாந்துடுவியா?"

சிரித்துவிட்டேன். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டேன். நிமிர்ந்தால், அவர் முதுகுக்குப் பின்னால் டாக்டர்.

"மறுபடியும் லத்தீனா?"

லத்தீன்காரர் முகம் வெளுத்தது. ஆஸ்பத்திரியில் முதன்முறையாக நான் சத்தமாகப் பேசினேன்: "இவரு சொன்னதாலதான், டாக்டர், நான் கையெழுத்துப் போட்டேங்க!"

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். லத்தீன்காரரைப் பார்த்தார். "சரி, தியேட்டருக்குக் கூட்டிட்டு வாய்யா."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்த அரைமணி நேரமும் லத்தீன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

மறுநாள் காலை லத்தீன்காரரே வந்து கட்டு மாற்றினார். காய்ச்சல் இறங்கியிருந்தது.