குழாய்க்கு நாலு பட்டன்

பட்டன் நானா மட்டும் இல்லாவிட்டால் மாத்தளை டவுனில் பாதிப்பேர் கோணல் சட்டையோடுதான் திரிந்திருப்பார்கள். இது நான் சொல்வதல்ல, அவரே சொன்னது. ஊருக்கே நானா, அதாவது அண்ணன்; தையல் சாமான் விற்கும் ஆறடிக் கடை அவருடையது. ஊசி, நூல் எல்லாம் கேட்டவுடன் தருவார். பட்டன் மட்டும் தரமாட்டார். உடுப்பைக் கொண்டுவந்து காட்டியாக வேண்டும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கோட்டில் மூன்றாவது பட்டன் நூலளவு பெரிது என்று பந்தியிலிருந்தே கண்டுபிடித்தவர், கத்தரிக்கோலோடு மேடை ஏறி அதை வெட்டி எடுத்துவிட்டார். மாப்பிள்ளை எல்லாப் படத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சமையலைக் குறை சொல்கிறார் என்று பெண்வீட்டாருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

அவரிடம்தான் நான் நாலு பட்டன் கேட்டுப் போனேன்.

"சட்டைக்கா, கோட்டுக்கா?"

"குழாய்க்கு, நானா."

"குழாய்க்கு என்னத்துக்குத் தங்கச்சி பட்டன்? அதுக்குக் குளிருதா?"

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில், பெரிய வளையக் குழாய்க்குள் இலத்திரன்கள், அதாவது எலக்ட்ரான்கள், ஒரு கற்றையாக ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கற்றை நடுவில் ஓடுகிறதா, ஓரத்துக்குப் போகிறதா என்று பார்க்க உள்ளே எதையும் நீட்ட முடியாது. நீட்டினால் கற்றை கெட்டுவிடும். அதனால் குழாயின் சுவரில் பட்டன் போல நாலு உலோக வில்லைகளைப் பதித்திருப்பார்கள். கற்றை எதற்குப் பக்கமாகப் போகிறதோ அதில் சமிக்ஞை கூடும். நாலையும் ஒப்பிட்டால் கற்றையின் இடம் தெரிந்துவிடும்.

அங்கே பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். கற்றைக்குப் பதிலாக ஒரு கம்பியில் சமிக்ஞையை ஓடவிட்டு, அந்தக் கருவியின் மாதிரியைச் செய்து வீடியோவில் காட்ட வேண்டும். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். இந்த இடத்தை விடுவதாக இல்லை.

"நாலும் ஒரே மாதிரி இருக்கணும் நானா. ஒண்ணு மாறினாலும் குழாய் பொய் சொல்லும்."

இப்படியொரு வாடிக்கையாளருக்காகவே கடை திறந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். "குழாயக் கொண்டாந்து காட்டுங்க."

மறுநாள் செம்புக் குழாயைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். நானா பெட்டி பெட்டியாகக் கொட்டி, மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றையும் காட்டும் வேணியர் இடுக்கியால் அளந்து, பகல் சோற்றையும் மறந்து, நாலு பித்தளைப் பட்டன்களைப் பொறுக்கித் தந்தார்.

செய்துகாட்டும் நாளுக்கு முதல் நாள் கோளாறு வந்தது. கம்பி நடுவில்தான் இருக்கிறது. கருவியோ வலப்பக்கம் தள்ளியிருக்கிறது என்கிறது. கணினியில் ஓர் எண்ணைக் கழித்துவிட்டால் பூச்சியம் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. நானாவுக்கு மட்டும் போனில் சொன்னேன்.

"பட்டன்ல ஏதோ பிழை நானா. பரவாயில்ல, சமாளிச்சுக்கிறேன்."

"யாருட பட்டன்ல?" என்றார். போனைத் துண்டித்துவிட்டார்.

இரண்டு மணி நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு, மழையில் நனைந்தபடி, கையில் இடுக்கியோடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பரா வாசலில் நின்றார். அம்மா கொடுத்த, பால் விடாத பிளேன்டீயைத் தொடவில்லை.

"மொதல்ல எண்ட பட்டன்ட மானம். டீ பொறகு."

வலப்பட்டனையும் இடப்பட்டனையும் இடம் மாற்றினேன். பிழை பட்டனில் என்றால் அதுவும் இடப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. அதே வலப்பக்கம்தான்.

"பாத்தீங்களா!" லயம் முழுக்கக் கேட்டது. "எண்ட பட்டன் பொய் சொல்லாது!"

"அப்ப பொய் சொல்றது யாருங்க?" என்றார் அப்பா.

"ஒங்கட மகள்."

ஆத்திரத்தில் அந்த இடுக்கியைப் பறித்து, குழாயின் இரு முனைகளிலும் இருந்த மர மூடிகளை அளந்தேன். கம்பி போகும் துளை இரண்டிலுமே ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கண்மதிப்பில் துளை போட்டது நானேதான். கருவி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதைப் பொய் சொல்ல வைக்கப் பார்த்தவள் நான்.

நானா அப்போதுதான் டீயை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. வெற்றி பெற்றவரின் தோரணையில் குடித்தார்.

புது மூடி செய்ய நேரம் இருந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை. மறுநாள் வீடியோவில் அப்படியே காட்டினேன். "கம்பியை நான் கோணலாக வைத்துவிட்டேன். கருவி என்னைக் கண்டுபிடித்துவிட்டது." இடம் கிடைத்தது.

இப்போது அந்த வளையத்தின் பக்கத்தில்தான் வேலை. போன மாதம் என் குளிர்கோட்டில் ஒரு பட்டன் அறுந்து தொலைந்தது. இங்குள்ள கடைகளில் கிட்டத்தட்ட அதே மாதிரி கிடைக்கிறது. கிட்டத்தட்டத்தான். எனவே அந்த மாப்பிள்ளையைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் நடக்கிறேன்.

விடுமுறைக்கு ஊர் போகும்போது இந்தக் கனத்த கோட்டை மாத்தளை வெயிலில் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். பார்க்காமல் அவர் தரமாட்டார்.