செஞ்சிக்கு முன்னால் ஒரு குறுக்கு மலை

கையில் போன் இருந்தால் எந்த ஊருக்கும் வழி சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். என்னை அப்படி நம்பிய கடைசி மனிதர் என் மாமனார். (அப்போது அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. அதுதான் சிக்கல்.)

சித்ரா பௌர்ணமிக்குத் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கொடி பிடித்து நடந்துபோகும் குழுவுக்கு அவர்தான் தலைவர். தன் மகள் கலாவை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ரோட்டில் வேலை நடந்ததால் ஒரே லாரித் தூசி. "வேற ரூட்டு எதனா இருக்குதா பாரு தம்பி" என்றார். பெண்ணையே கொடுத்துவிட்டதைப் போல எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேப்பை நோண்டி நோண்டி ஏரிக்கரை வழி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வழி என்று என்னென்னவோ பார்த்தேன். கடைசியில், செஞ்சிக்கு முன்னால் ஒரு மொட்டைப் பாறைக் குன்றில் ஏறி இறங்கினால் நேரே மதியச் சாப்பாட்டுப் பந்தல் என்று கண்டுபிடித்தேன். ஒருநாள் விடியற்காலையில் நானே நடந்தும் பார்த்தேன். விசிலடித்துக்கொண்டே இறங்கினேன்.

யாத்திரையன்று அடிவாரத்துக்கு வரும்போது உச்சி வெயில்.

"பாற காயுமே தம்பி?"

"நடந்து பாத்துட்டேன் மாமா. ஜில்லுனு இருக்கும்."

பாதி குன்றில் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். நானும்தான். அப்போதுதான் உறைத்தது: ஒத்திகைக்கு விடியற்காலையில், அதுவும் ஷூ போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். விரதக்காரர்கள் செருப்பே போடுவதில்லை.

"திரும்பிடலாமா மாமா?"

"கொடி கெளம்பிட்டா திரும்பக் கூடாதுப்பா. தெரியாதா?"

தெரியும். ஷூவோடு சேர்த்து அதையும் மறந்திருந்தேன்.

துண்டுகளை விரித்து, மிதித்து, பின்னால் இருப்பதை எடுத்து மறுபடி முன்னால் விரித்து ஊர்ந்தோம். நான் சட்டை, பனியன் வரைக்கும் விரித்துவிட்டேன். "பேஜாரு புடிச்சவன்பா" என்று ஒரு அம்மா மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

பந்தலில் சோறு தீர்ந்து மோர் மட்டும் மிச்சமிருந்தது. மாமா ஒரு பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி, கால்களை உள்ளே விட்டு உட்கார்ந்தார்.

"நடந்து பாத்தேன்னியே, இன்னா போட்டுக்கினு நடந்த?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கலா போனாள், அவ்வளவுதான் என்று தோன்றியது.

"ஷூ, மாமா."

மாமா என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கால்களைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார். "வெறும் ஒடம்போட நின்னுக்கினு இருக்காத. நீயும் கால உள்ள வையி."

கல்யாணமாகிப் பல வருடம் ஆயிற்று. வீடு கட்டுவதோ, ஊட்டி போவதோ, நான் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் கலா தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

"மொதல்ல செருப்ப கழட்டிட்டு சொல்லுங்க."

இப்போது என் மகளும் சொல்கிறாள். நானும் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.