நேர்ச்சைக்குச் செய்த கார்

என்னை அமைதியான பொம்பளை என்று ஊரில் சொல்வார்கள். எண்பது தாண்டிய பிறகு அதை மறுத்துப் பேச அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அமைதியானவள் இல்லை, பெருமை பிடித்தவள். தப்பு நடந்துவிட்டது என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்வதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அப்படி ஒரு நாள் கோயிலில் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைக் கடலுக்கு அனுப்பியது நான் சொல்லாத அந்த ஒரு வார்த்தைதான்.

எங்கள் ஊர் பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குடியிருப்பு. என் அய்யாவையும் அண்ணனையும் ஒரே நாளில் கடல் எடுத்துக்கொண்டது. அண்ணன் மூன்றாம் நாள் பிணமாகக் கரைக்கு வந்தான். அய்யா வரவே இல்லை. கடலுக்குப் போகிறவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்போது எங்கள் ஊரில் கடலுக்குப் போகாத ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் அந்தோணியார் கோயில் சாமியார். இன்னொருவர் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தரும் எழுபது வயது உபதேசியார். (இருவருமே பெண் தேடவில்லை.)

கடைசியில் சூசை என்பவர் வந்தார். அவர் அப்பாவோடு வள்ளத்தில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர்தான். "டிரைவர் வேலை படிச்சா கட்டிக்கிருவியா?" என்று ஆள் விட்டுக் கேட்டார். கட்டிக்கொண்டேன். மண்டபத்தில் ஒரு கருவாட்டு வியாபாரி புதிதாக லாரி வாங்கியிருந்தார். லைசென்ஸ் எடுத்து வந்தால் வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். இவர் ராமநாதபுரம் போய் ஓட்டப் பழகினார். பரீட்சையில் முதல் தடவை சுவரில் இடித்தார். இரண்டாம் தடவை, சுவர் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தார்களாம், ஒரு வைக்கோல் வண்டியில் இடித்தார்.

என் மாமனாருக்கு இது கொண்டாட்டம். அவருடைய வள்ளத்தில் ஓர் ஆள் குறைந்து கிடந்தது.

"ஏலே, மூணாந்தடவையும் போய்ப் பாரு. இந்த வாட்டியும் தோத்தா பேசாம வந்து வள்ளத்துல ஏறிரணும். சரியா?"

"சரிய்யா" என்றார் இவர்.

மூன்றாம் பரீட்சை எங்கள் ஊர் அந்தோணியார் திருவிழா வாரத்தில் வந்தது. நான் நேர்ந்துகொண்டேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கால் வலி என்றால் வெள்ளித் தகட்டில் ஒரு கால், பிள்ளை இல்லை என்றால் தொட்டில், வள்ளம் நன்றாக ஓட வேண்டும் என்றால் சின்ன வள்ளம், இப்படி வேண்டியதன் உருவத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் பீடத்தில் காணிக்கையாக வைப்போம். சாமியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இன்னாருக்காக, இன்ன காரியத்துக்காக வேண்டுவோம் என்பார். சனமெல்லாம் சேர்ந்து ஆமென் சொல்லும். நானும் அந்தோணியாருக்கு ஒரு கார் வைப்பதாக நேர்ந்தேன். (லாரி என்றுதான் நேர்ந்திருக்க வேண்டும். லாரி பெரிது, செலவாகும் என்று காரோடு நிறுத்திக்கொண்டேன். அவருக்குப் புரியும்.)

திருவிழாக் கடையில் போய்க் கேட்டேன். கை இருந்தது, கண் இருந்தது, மாடு இருந்தது.

"காரா?" என்றான் கடைக்காரன். "இந்தத் தீவுல காரு ஏதும்மா? வேணும்னா வீடு கொண்டுபோ. வீடும் காரு மாதிரி சதுரமாத்தானே இருக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே செய்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். அப்போது தீவுக்கு ரயில் பாலம் மட்டும்தான். அதுவரை என் வாழ்நாளில் நான் பார்த்தது மூன்று கார்கள், அதிலும் ஒன்று ரயில் பெட்டிமேல் கட்டிப்போட்டிருந்தது. இந்த அறிவை வைத்துக்கொண்டு, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கார் செய்ய உட்கார்ந்தேன்.

கையில் இருந்த சாமான் குங்கிலியம். வள்ளத்துப் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்க, குங்கிலியத்தை இடித்து, சுறா எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பூசுவார்கள். சின்ன வயதிலிருந்து அய்யாவுக்கு நான்தான் காய்ச்சிக் கொடுப்பேன். பதம் எனக்குக் கைப்பாடம். முருங்கைக் கட்டையில் அச்சுச் செதுக்கி, ஈரக் களிமண்ணில் அமுக்கி, அந்தக் குழியில் காய்ச்சிய குங்கிலியத்தை ஊற்றினேன். உடம்பு தனி, கூரை தனி, சக்கரம் நாலும் தனி. ஆறின பிறகு ஊசியைச் சுட வைத்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். சக்கரம் ஒவ்வொன்றும் உளுந்து அளவு. சுளகில் பரப்பிக் காய வைத்துவிட்டுத் திரும்பினால் கோழி ஒரு சக்கரத்தைத் தின்றுவிட்டது. இன்னொன்று ஊற்றினேன். அதையும் தின்றது. அந்தக் கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

முதலில் செய்த உடம்பு காய்ந்ததும் கீறல் விட்டது. அதனால் அடுத்த தடவை எண்ணெயைக் கூட்டினேன். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் கூடவே வளைந்து கொடுக்க வேண்டும் என்று அய்யா சொல்லிக்கொடுத்த பதம் அது. காருக்கு எதற்கு வளைய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் ஒட்டி முடித்து மாமனாரிடம் மட்டும் காட்டினேன். அவர் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா, கீழே நீளமா?"

"ஏராக்கட்டை மாமா."

(வள்ளத்தின் அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் முதுகெலும்பு அது. அது இல்லாமல் ஒரு பொருள் எப்படி நேராகப் போகும் என்று ஒரு குச்சியைச் செதுக்கி வைத்துவிட்டேன். சக்கரம் நாலும் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.)

"காருக்கு ஏரா உண்டா?" என்றார்.

"புதுக் காருக்கெல்லாம் உண்டு மாமா" என்றேன். இதுதான் என் குணம்.

திருவிழா அன்று காலையில் என் வீட்டுக்காரர் பரீட்சைக்கு ராமநாதபுரம் போய்விட்டார். நான் பித்தளைத் தட்டில் காரை வைத்து, வெள்ளி வள்ளம் வைத்திருந்த பெரிய வீட்டுப் பெண்களுக்கு முன்னால் போய் நின்றேன். நானே செய்தது, ஊரில் யாரும் வைக்காதது, பின்னால் நிற்க மனம் வருமா? சுற்றுப்பிரகாரம் உச்சி வெயிலில் ஊரைச் சுற்றியது. தட்டு கையைச் சுட்டது. நான் மேலே தேரில் போன அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கோயிலுக்குள் வந்து பீடத்தருகில் நின்றபோதுதான் குனிந்து பார்த்தேன். கூரை உள்ளே அமுங்கிக் குழியாகியிருந்தது. சக்கரம் நாலும் உருகி உடம்போடு சேர்ந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் இளகி இழுபட்டுக் கூராகிவிட்டது. ஏராக்கட்டை மட்டும் கல்லு மாதிரி நின்றது. சுறா எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. என் கையில் இருந்தது முழு வள்ளம். அய்யாவே பார்த்திருந்தால் நல்ல வேலைப்பாடு என்று சொல்லியிருப்பார்.

சாமியார் அதை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"சூசைக்காக, அவருடைய வள்ளத்துக்காக, அவருடைய கடல் தொழில் செழிக்க வேண்டுவோம்!"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சாமி, இது கார். அவ்வளவுதான். பின்னால் வெள்ளி வள்ளக்காரிகள் நிற்கிறார்கள். மாமியார் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். இதுவா கார் என்று ஒரு சிரிப்புக் கிளம்பினால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கோயில் முழுக்க ஆமென் என்றது. எல்லாரையும்விடச் சத்தமாக நான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவர் சிரித்த முகமாக வந்தார். பரீட்சையில் தேறிவிட்டார். வாசலில் பாதி ஊர் நின்றது. மாமனார் அழுதுகொண்டே அவரைக் கட்டிப்பிடித்தார்.

"ஏலே, லைசென்சு கெடக்கட்டும்டா. ஒம் பொண்டாட்டி வள்ளம் நேந்துருக்கா. கோயிலே ஆமென் சொல்லிருச்சு. இனி அந்தோணியார் வாக்கைத் தாண்டுவியா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஏபுள்ள, வள்ளமா நேந்த?"

இரண்டாவது வாய்ப்பு. மாமனாருக்கு உண்மை தெரியும், காருக்கு ஏரா உண்டா என்று கேட்டவரே அவர்தான். அந்தக் கள்ளக் கிழவர் அழுத கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்ல மாட்டாள் என்ற நிச்சயத்தோடு. மாமியார், அக்கம்பக்கத்துப் பெண்கள், எல்லாரும் பார்த்தார்கள். கோயில் முழுக்கப் பொய்க்கு ஆமென் சொல்ல வைத்தவள் என்று பேர் வருமே.

"வள்ளந்தான்" என்றேன்.

அவர் லைசென்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் விடியலில் வள்ளத்தில் ஏறினார்.

ஐந்து வருஷம் போனது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கரையில் நின்றேன். எந்தப் பாய் எங்கள் பாய் என்று கண் இடுங்கப் பார்ப்பேன். ஊர் என்னை மெச்சியது, புருஷன்மேல் எவ்வளவு பக்தி பார் என்று. அதற்குப் பிறகுதான் தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் வந்தது. அவர் முந்தின நாளே மாமனாரைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருந்தார். புயல் ஓய்ந்தும் வரவில்லை. எங்கள் வீடு இல்லை. ஊரே கோயிலுக்குள் கிடந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் நான் எழுந்தேன், கைப்பிள்ளையை மாமியார் மடியில் போட்டேன், பீடத்துக்கு முன்னால் போய் நின்று அந்தோணியாரைப் பார்த்துக் கத்தினேன்.

"அது காரு! கேட்டியா? அது காரு! நான் வள்ளம் கேக்கல! காருதான் கேட்டேன்! அவர கொண்டாந்து விடு!"

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடி பாவி, அது காரா?"

நாலாம் நாள் அவர் வந்தார். வள்ளம் போய்விட்டது. எங்கோ வடக்கே கரை ஒதுங்கி, கரையோரமாகவே மண்டபம்வரை நடந்து, அங்கிருந்து யாரோ வள்ளத்தில் ஏற்றிவிட வந்து சேர்ந்திருந்தார். மேலெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, ஆள் அடையாளமே இல்லை. எதிரே ஓடின ஆட்கள் வீடு போனதைச் சொல்லவில்லை, மாமனார் குளிர் தாங்காமல் முந்தின நாள் இறந்ததைச் சொல்லவில்லை. மூச்சிரைக்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலே சூசை, ஒம் பொண்டாட்டி செஞ்சது காராம்லே!"

அவர் மணலில் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளா காருலயா போய்ட்டு வந்தேன்?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

லைசென்ஸ் வீட்டோடு போயிருந்தது. மண்டபத்து வியாபாரி வேறு ஆள் வைத்து வருஷக்கணக்காகியிருந்தது. என் வீட்டுக்காரர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். முழங்கால் விட்டுப்போகும்வரை போனார். கடல் அவரை எடுக்கவில்லை, கட்டிலில்தான் போனார். ஆனால் கரையில் நின்ற சாயங்காலங்களை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

வீட்டில் இதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்களிடம், ஆபீசில் சண்டைக்குப் போகிறவர்களிடம், "அங்கன போய் வாய மூடிக்கிட்டு நிக்காத, காருன்னு சொல்லிட்டு வா" என்பார்கள். மருமகள்கூடச் சொல்கிறாள், அதுவும் என் முன்னாலேயே.

அவரை அடக்கம் செய்த அன்று கோயிலில் புதுச் சாமியார் பிரசங்கம் வைத்தார். நல்ல பையன், ஊருக்குப் புதிது. "சூசை அவர்கள் பிறந்ததிலிருந்து கடலைத் தவிர வேறு தொழிலை மனதால்கூட நினைக்காதவர்" என்றார். என் மூத்த மகள் என் காதோரம் குனிந்தாள். "அம்மா, இப்பவாச்சும் சொல்லும்மா."

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆமென்" என்றேன்.

என் பிள்ளைகள் மூன்று பேரும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். தகப்பன்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஊர் சொன்னது. அதையும் நான் திருத்தவில்லை.